ஏலகிரியில் ஒரு ராத்திரி, நாற்பத்திரண்டு பிள்ளைகள்

சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர் நான். எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை டூர் கூட்டிப் போவது என்றால் வண்டலூர், மாமல்லபுரம், கோட்டூர்புரம் கோளரங்கம், அவ்வளவுதான். காலையில் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீடு. போன ஜனவரியில்தான் முதல் முறையாக ஒரு ராத்திரி வெளியே தங்க வைக்கலாம் என்று நிர்வாகத்தில் முடிவு செய்தார்கள். ஏலகிரியில் ஒரு அட்வென்சர் கேம்ப், ஒரு ராத்திரி இரண்டு பகல், பஸ்ஸோடு சேர்த்துப் பிள்ளைக்கு 2,800 ரூபாய். யார் பொறுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கியது நான்தான். யாராவது ஒருத்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அவஸ்தை மிச்சம் ஆகியிருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தப்பும் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் நடந்தது. கயிறு அறுந்தால் என்ன ஆகும், ஹெல்மெட் இருக்கிறதா, பாம்பு வருமா, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன தருவீர்கள், போன் கொடுத்து அனுப்பலாமா, இதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி. எல்லாம் பகலைப் பற்றிய கேள்விகள். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சம்மதக் கடிதத்தில் கீழே ஒரு வரி: 'ஏதேனும் உடல்நலக் குறைபாடு உண்டா?' நாற்பத்திரண்டு பேரும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருத்தருக்குக்கூட ஒன்றுமே இல்லையா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்ன நல்ல வகுப்பு என்று சந்தோஷப்பட்டேன்.

'குறைபாடு' என்று கேட்டால் எந்தத் தாயும் 'ஆமாம்' என்று எழுத மாட்டார். தவிர, எழுதினால் பிள்ளையைக் கூட்டிப் போக மாட்டார்களோ என்ற பயம் வேறு. கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். தூக்கத்தில் எழுந்து நடப்பானா? ராத்திரி படுக்கையில் ஒன்றுக்குப் போய்விடுகிற பழக்கம் உண்டா, மாதத்தில் ஒரு நாள் என்றாலும் பரவாயில்லை? வீசிங் கடைசியாக எப்போது வந்தது? பஸ்ஸில் வாந்தி வருமா? எதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவாள்? விளக்கு வேண்டுமா? இப்படிக் கேட்டு, கூடவே 'எந்தப் பதில் சொன்னாலும் பிள்ளை டூருக்கு வருகிறாள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, தாளை ஒட்டிய கவரில் டீச்சர் கையில் கொடுக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை கையில் கொடுத்து அனுப்பினால் பஸ்ஸிலேயே பக்கத்து சீட்டுக்காரன் படித்துவிடுவான்.

எங்களோடு வருவதாக இருந்தது நான்கு பெரியவர்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு, கூட வரவேண்டிய டீச்சர் போன் செய்தார், மாமியார் பாத்ரூமில் விழுந்துவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிலுக்கு ஆள் தேட நேரம் இல்லை. நான், பி.டி. சார், ஆயாம்மா, மூன்று பேர். இருபத்திரண்டு பெண் பிள்ளைகள், இருபது பையன்கள். சமாளித்துக்கொள்ளலாம் மிஸ் என்று பி.டி. சார் சொன்னார், நானும் தலையாட்டினேன். பகல் டூருக்கு மூன்று பேர் போதும். ராத்திரிக்குப் போதாது. காரணம் பின்னால் வருகிறது. மாற்று ஆள் ஒருவரைப் பையைக் கட்டிவைத்துத் தயாராக இருக்கச் சொல்லாமல் தேதி குறிக்காதீர்கள், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்வேன்.

காலை ஐந்தரைக்குப் பஸ். பிள்ளை பசியோடு போகக் கூடாது என்று அம்மாக்கள் பூரி, பால், பூஸ்ட் எல்லாம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர், வேலூர், ஆம்பூர் வரை அந்தாக்ஷரிதான். வாணியம்பாடி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கதை மாறியது. ஏலகிரி ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். தமிழ் டீச்சர் ஆயிற்றே, ஒவ்வொரு வளைவிலும் ஒரு குட்டிக் கதை சொல்லிக்கொண்டே போகலாம் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பாரதியார் வரைக்கும் சொன்னேன். கம்பர் வந்தார், அவ்வையார் வந்தார், வாந்தியும் வந்தது. ஒருத்தன் எடுத்தால் போதும், அந்த வாடையில் பக்கத்தில் இருப்பவள், அவளைப் பார்த்து பின் சீட்டுக்காரன். மொத்தம் ஒன்பது பேர். நான் கொண்டு போன பாலிதீன் கவர் ஆறு. பாரி முதல் பேகன் வரை எந்த வள்ளலும் ஏழாவது கவர் கொடுக்கவில்லை. கடைசியில் என் துப்பட்டா போனது. பஸ்ஸைக் கழுவ டிரைவர் 1,500 ரூபாய் கேட்டார், என் கைக்காசு.

மலைக்குப் போகும் நாளில் காலையில் இரண்டு இட்லி போதும், பால் வேண்டவே வேண்டாம். வாந்தி வரும் என்று தெரிந்த பிள்ளைகள் முன் சீட்டில், கண் வெளியே தூரத்தில் இருக்க வேண்டும், குனிந்து புத்தகமோ மொபைலோ பார்க்கக் கூடாது. அடிவாரத்தில் பதினைந்து நிமிடம் இறக்கி நடக்க விட்டுவிட்டு அப்புறம் ஏறுங்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அது பெற்றோரும் அவர்கள் டாக்டரும் முடிவு செய்ய வேண்டியது, டீச்சர் பையிலிருந்து எடுத்து நீட்டுகிற விஷயம் இல்லை. கவர் மட்டும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போங்கள். மூடி போட்ட ஒரு வாளியும்.

கேம்ப்பில் பகல் நன்றாகவே போனது என்று சொல்ல வேண்டும். பர்மா பாலம், வலை ஏறுவது, டயர், கடைசியில் கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கிப் போகிற ஜிப்லைன். ஆனால் இன்ஸ்ட்ரக்டர் இரண்டே பேர். ஒரு பிள்ளைக்கு ஹார்னஸ், அதாவது உடம்போடு சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டை, மாட்டி, இறுக்கி, கழற்றி அடுத்த பிள்ளைக்கு மாட்டுவதற்குள் ஐந்து நிமிடம். இருபது விநாடி கம்பியில் போக ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசை. வரிசையில் நிற்கிற ஒன்பது வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று டீச்சர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு சண்டை, ஒரு உடைந்த வாட்டர் பாட்டில். எத்தனை இன்ஸ்ட்ரக்டர், எத்தனை ஹார்னஸ் என்று முன்பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி குழுவாகப் பிரித்து ஒரு குழு கயிற்றில் இருக்கும்போது இன்னொன்று புங்கனூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று, இதை நான் யோசித்தே பார்த்ததில்லை. எங்கள் வகுப்பிலேயே ஒல்லியான ஒரு பெண், பத்தொன்பது கிலோ இருப்பாள். ஜிப்லைனில் விட்டார்கள், பாதி தூரம் போனதும் வேகம் செத்து அப்படியே நின்றுவிட்டாள். எடை போதவில்லை. நடுவானில் கோழிக்குஞ்சு மாதிரி காலை ஆட்டிக்கொண்டு தொங்குகிறாள், கீழே நாற்பத்தொரு பேரும் அவள் பெயரைக் கத்துகிறார்கள். இன்ஸ்ட்ரக்டர் கம்பியைப் பிடித்துக் கையால் இழுத்து இழுத்துப் போய்க் கூட்டி வர நான்கு நிமிடம் ஆனது. இறங்கியதும் அவள் 'மறுபடியும் மிஸ்' என்றாள், எனக்குத்தான் முழங்கால் தந்தி அடித்தது. கேம்ப்பில் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று கேட்டு, பள்ளியிலேயே எடை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். ஹார்னஸின் இடுப்புப் பட்டை இடுப்பு எலும்புக்கு மேலே இருக்க வேண்டும், இறுக்கிய பிறகு கீழே இழுத்தால் நழுவக் கூடாது. ஒல்லிப் பிள்ளைகளுக்கு இதை நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் முறைப்பார், முறைக்கட்டும்.

சரி, ராத்திரிக்கு வருகிறேன்.

படத்தில் பார்த்த டார்மிட்டரி இருந்தது. படத்தில் இல்லாதது கழிப்பறை. அது டார்மிட்டரியிலிருந்து நான் எண்ணிப் பார்த்து எழுபத்திரண்டு அடி தள்ளி, நடுவில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் பூச்சி மொய்த்து மங்கலாக. ஜனவரிக் குளிர் வேறு. கட்டிலுக்கு ஒரு மெல்லிய கம்பளிதான் தருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, பெட்ஷீட் எடுத்து வரச் சொல்லி நான் எழுதவும் இல்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் பெயரில் வளைவு இருக்கிற மலைக்குப் போகிறோம், கதை எழுதி வைத்த எனக்குப் போர்வை ஞாபகம் வரவில்லை பாருங்கள். பிள்ளைகள் யூனிபார்ம் ஸ்வெட்டரோடு படுத்தார்கள். கூட வருகிறவர்களில் ஒருவர் முன்கூட்டியே ஒரு நாள் போய், குறிப்பாக இருட்டின பிறகு, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பகலில் பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடம்தான்.

கேம்ப்ஃபயர் முடிந்து ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு மூலையில் விசும்பல். அப்புறம் இன்னொரு மூலை. அழுகையும் வாந்தி மாதிரிதான், தொற்றும். பதினோரு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, அவளை நீல ரிப்பன் என்று வைத்துக்கொள்வோம், விக்கி விக்கி அழுதாள், 'ஒரே ஒரு தடவை அம்மாகிட்ட பேசணும் மிஸ்.' எனக்கு மனசு கேட்கவில்லை. போனைப் போட்டுக் கொடுத்தேன். அந்த ராத்திரியில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். அம்மா குரலைக் கேட்டதும் இவள் கேவ, அந்தப் பக்கம் அந்த அம்மாவும் அழ, 'நான் இப்பவே கிளம்பி வரேன்டா கண்ணு' என்று சொல்லி வைத்துவிட்டார். சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நீல ரிப்பன் பத்து நிமிடத்தில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அம்மா உண்மையிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிள்ளை அழுவதைப் பெற்றோர் காதில் போடாதீர்கள். அழுகிற பிள்ளைக்குப் பத்து நிமிடம் தோளும் ஒரு டம்ளர் வெந்நீரும் போதும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது விடிய விடிய ஓடும். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'எல்லாரும் சாப்பிட்டாயிற்று, படுக்கப் போகிறோம், அடுத்த செய்தி காலை ஏழுக்கு' என்று போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். போட்டோ போடும்போதும் கவனம். நான் கேம்ப்ஃபயர் படம் ஒன்று போட்டேன், அதில் முப்பத்தைந்து முகம்தான் விழுந்திருந்தது. விட்டுப்போன ஏழு பேர் வீட்டிலிருந்தும் அடுத்த பத்து நிமிடத்தில் போன்.

பன்னிரண்டரைக்கு ஆயாம்மா என்னை எழுப்பினார். ஒரு பெண் கட்டிலில் படுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் பேசவில்லை என்றார். டார்ச்சை அடிக்காமல் கிட்டே போய்க் கையை வைத்தேன், மெத்தை சொதசொதவென்று இருந்தது. எவ்வளவு நேரமாக அந்த ஈரத்தில், அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தாளோ தெரியவில்லை. 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்' என்று காதோரம் சொன்னாள், அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. ஆயாம்மா கெட்டிக்காரர், தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்து, 'ஐயோ, என் தண்ணி கொட்டிடுச்சே, பாப்பா மெத்தையெல்லாம் நனைஞ்சு போச்சே' என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தை இருட்டில் பார்க்க முடியவில்லை, ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்தது.

ஏழு வயதில்கூடப் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு வரை இது இருக்கிறது, பெரும்பாலும் வளர வளரத் தானாகவே நின்றுவிடும். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, பல குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்ததுதான். அதனால் நாற்பது பிள்ளைகள் போனால் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். ரப்பர் ஷீட் ஐந்தாறு, கூடுதல் பேன்ட், கறுப்புக் கவர் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் அதிகம் தண்ணீர், பால் வேண்டாம், பதினொன்றுக்கு எல்லாரையும் எழுப்பி ஒரு சுற்று கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். எல்லாரையும் எழுப்புவதுதான் முக்கியம், ஒருத்தியை மட்டும் எழுப்பினால் காலையில் காரணம் தெரிந்துவிடும். மெத்தைக்கும் விரிப்புக்கும் கேம்ப்பில் 600 ரூபாய் வாங்கினார்கள்.

நான் மறுபடி படுத்து அரை மணிகூட ஆகியிருக்காது. ஒன்று நாற்பதுக்கு பி.டி. சார் கதவைத் தட்டினார், இடுப்பில் ஒரு பையன். மூச்சு விசில் அடிக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் 'வேண்..டாம்' என்று இரண்டு மூச்சில் சொல்கிறான், சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறது. கேம்ப்ஃபயர் புகையும் குளிரும் சேர்ந்து பண்ணிய வேலை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். 'அவனுக்கு வீசிங் உண்டு மிஸ், இன்ஹேலர் வீட்லதான் இருக்கு, ஒரு வருஷமா வரலையேன்னு எழுதல' என்றார். அவரிடம் கோபப்பட நேரமில்லை. 108-க்குச் சொன்னால் வண்டி எங்கிருந்து ஏறி வர வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. போகும் முன்னாலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் அது, பக்கத்தில் ராத்திரி டாக்டர் இருக்கிற இடம் எது என்பதும்தான். கேம்ப் ஜீப்பை எழுப்பினோம், ஆம், வண்டியை இல்லை, டிரைவரை. 2,500 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

யார் போவது? பி.டி. சார் போனால் பையன்கள் அறையில் பெரியவர் யாரும் இல்லை. நான் போனால் பெண் பிள்ளைகளோடு ஆயாம்மா இருப்பார். அதனால் நான். நான்காவது ஆள் எதற்கு என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன். அந்தப் பதினான்கு வளைவுகளையும் ராத்திரி இரண்டு மணிக்கு, பையனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு இறங்கினேன். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு கொஞ்சம் எளிதாக இருக்கும், இது தம்பிக்கு வீசிங் இருந்ததால் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை என் தாடையில் இடிக்கும். பேசு, பேசாதே என்று மாற்றி மாற்றிச் சொன்னதாக ஞாபகம். கீழே அரசு மருத்துவமனையில் உடனே நெபுலைசர் வைத்தார்கள். இரண்டாவது தடவை வைத்தபோது அவன், 'மிஸ், இது யானை தும்பிக்கை மாதிரி இருக்கு' என்று ஒரே மூச்சில் முழுசாகச் சொன்னான். அப்போதுதான் நான் அழுதேன். நர்ஸ் அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். எதிர்க்கடையில் இன்ஹேலர், அதில் மாட்டுகிற ஸ்பேசர் குழாய், மாத்திரை 780 ரூபாய்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் நீல ரிப்பன் அம்மாவிடமிருந்து பதினான்கு மிஸ்டு கால். மூன்றரைக்கு கேம்ப் வாசலில் வந்து நின்றிருக்கிறார். பொறுப்பு டீச்சர் இல்லை, ஆயாம்மா மட்டும் இருக்கிறார், யாரோ ஒரு பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் எப்படிக் கத்தியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்தேகாலுக்கு நான் போய் இறங்கியதும் மிச்சத்தை என்னிடம் கத்தினார். நான் பதிலே சொல்லவில்லை, சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் பெண் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுந்ததும் 'நீ ஏன்மா வந்த?' என்று கேட்டாள். மனுஷி ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, சீப்பை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம், ஒன்பது வயதில் ஒருத்திக்கும் தானாகப் பின்னத் தெரியாது, அதை நான் யோசித்திருக்கவும் இல்லை. பாப் வெட்டிய மூன்று பேர் போக மீதி பத்தொன்பது பேருக்கும் சிக்கெடுத்துப் பின்னி, ரிப்பன் கட்டி முடித்தார். ஆயாம்மா இட்லி கொண்டு வந்து அவருக்கு ஊட்டினார்.

ஊருக்கு வந்ததும் புகாரும் கொடுத்தார், அது வேறு விஷயம். மூன்று நாள் விளக்கம் எழுதினேன், ஒரு வாரம் தூக்கம் இல்லை, ஜீப் சத்தம் கேட்டால் முழிப்பு வரும். நடந்ததை நேரம் போட்டு அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். 12.30 இது, 1.40 இது, 1.45 பெற்றோருக்குப் போன் என்று இருந்தது, அதைப் பார்த்ததும் பிரின்சிபால் மேற்கொண்டு கேட்கவில்லை. பள்ளி நோட்டில் எழுதுங்கள், மொபைலில் வேண்டாம், காலையில் சார்ஜ் இருக்காது.

மொத்தம் என் கையிலிருந்து போனது 5,380 ரூபாய். மருந்துக்கும் மெத்தைக்கும் பில் இருந்ததால் 1,380 திரும்பி வந்தது. அடுத்த டிசம்பரில் மறுபடி போகிறோம், ஐந்து பெரியவர்கள், புதுப் படிவம், ஆளுக்கு ஒரு போர்வை. நீல ரிப்பன் அம்மா பெற்றோர் சார்பில் தானே வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார், சீப்பு எடுத்து வருவாராம். பஸ் கழுவிய காசும் ஜீப் காசும் மட்டும் இன்னும் வரவில்லை. ரசீதில் முத்திரை இல்லை என்கிறார் கணக்குப் பிரிவில் இருக்கிறவர். ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவரிடம் சீல் கேட்டிருக்க வேண்டுமாம்.